அரை நூல் கோணல்

1. தேக்குக்கு வந்த அவமானம்

காரைக்குடியில் முப்பத்தைந்து வருடமாக லேத் போட்டு மரம் கடைகிறேன். கட்டில் கால், மாடிப்படிக் கம்பம், தொட்டில் குமிழ் என்று கடைந்தே பாதி ஆயுள் போய்விட்டது. இப்போது என் பட்டறையில் அதிகமாகக் கடைவது மீன். தண்ணீரில் போட்டு இழுத்தால் உயிர் மீன் மாதிரியே ஆடி, விராலையும் கொடுவாவையும் ஏமாற்றிக் கடிக்க வைக்கிற மர மீன். தூண்டில்காரர்கள் அதை லூர் என்பார்கள். என் மனைவி வள்ளி கட்டை மீன் என்பாள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த மரம், எந்த பெயிண்ட் என்றுதான் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். கூடவே, யாரும் கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லப்போகிறேன்.

முதல் மீனைச் செய்யச் சொன்னவர் காதர் பாய். மலேசியாவில் இருபது வருடம் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே லீவு நாளில் ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகிவிட்டார். இரண்டாக உடைந்துபோன ஒரு லூரைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மேஸ்திரி, இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு தருவீகளா?"

"இது என்ன பாய், பிள்ளைக விளையாட்டுச் சாமானா?"

"பெரியாளு விளையாட்டுச் சாமான்."

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. பழைய வீட்டு நிலையில் அறுத்த பர்மா தேக்குத் துண்டு ஒன்று கிடந்தது. இருக்கிறதிலேயே உசத்தியான மரத்தில் செய்து கொடுப்போம் என்று கண்ணாடி மாதிரி கடைந்து, ஈயம் வைத்து, முள் மாட்டி, வீட்டுப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். நேராகத் தரைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

துணி அலசிக்கொண்டிருந்த வள்ளி எட்டிப் பார்த்தாள். "கடல்லயே மிதந்து வந்த மரம்னு பெருமை பேசுவீகளே. நம்ம தொட்டியில மிதக்க மாட்டேங்குது?"

அதோடு விடவில்லை தேக்கு. அதில் இருக்கும் எண்ணெய்ப் பசைக்குப் பெயிண்டும் நிற்காமல் நாலாம் நாள் தோல் உரிந்தது. கடைசியில் கைகொடுத்தது மலைவேம்பு. பிளைவுட்டுக்கும் தீக்குச்சிக்கும் போகிற மரம், கட்டில் காலுக்கு யாராவது கேட்டால் நான் சிரித்திருப்பேன். எடை குறைவு, லேத்தில் ஒழுங்காக வரும், காய்ந்தால் வெடிக்காது.

2. வேலை முறை

உடம்பைக் கடைந்ததும் வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறல் போட வேண்டும். அதில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே ஸ்டெயின்லெஸ் கம்பி. இதை மட்டும் சோம்பலில் விடாதீர்கள். மீன் இழுக்கிற இழுப்பைக் கம்பிதான் தாங்க வேண்டும், மரம் தாங்காது. பாயின் பழைய லூர் உடைந்ததே அந்தக் கம்பி இல்லாததால்தான். பிறகு வயிற்றில் துளை போட்டு ஈயம், அதன் மேல் பட்டி, பிறகு உப்புத்தாள், பிரைமர், கலர், கடைசியில் எபாக்ஸி. தாடையில் பிளாஸ்டிக் தகடு ஒன்று செருக வேண்டும், அதற்கு லிப் என்று பெயர். தண்ணீர் அதில் மோதித்தான் மீன் ஆடும். ஆட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால், தூண்டில் நரம்பு கட்டுகிற மூக்கு வளையத்தைக் குறட்டால் மயிரிழை வளைத்துச் சரி செய்யலாம்.

ஈயத் துளை மட்டும் நட்டநடுவில் இருக்க வேண்டும். அரை நூல் விலகினாலும் மீன் கோணிக்கொண்டு போகும். எட்டு நூல் சேர்ந்தது ஓர் அங்குலம் என்று தெரிந்தவர்களுக்கு அரை நூல் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. பன்னிரண்டாவது

பாய் ஒரு டஜன் கேட்டிருந்தார். பன்னிரண்டாவதில் துளை அரை நூல் விலகிவிட்டது. வேறு செய்ய நேரம் இல்லை. அந்தக் கோணலை மறைக்க மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் வளைத்து, ஒரு தப்பின் மேல் இன்னொரு தப்பை வைத்து, மற்றதோடு கலந்து கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாய் அதே மீனைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். நான் லேத்தை நிறுத்தினேன்.

"மேஸ்திரி, இதுல என்ன செஞ்சீக?"

"ஏன் பாய்?"

"மத்ததெல்லாம் நேராப் போயி நேரா வருது. இது வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு அங்குட்டு ஒரு எட்டு ஒதுங்கும், அப்பறம் தானாத் திரும்பி வழிக்கு வந்துரும். அடிபட்ட குஞ்சு மாதிரியே. விரால் பாத்துச்சுன்னா விடமாட்டேங்குது. மலேசியாவுல இப்புடி ஒண்ணு அமைஞ்சா ஒளிச்சு வச்சுக்குவாய்ங்க."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் சொன்னது இது: "அது தனி டிசைன் பாய். வேணும்னே செஞ்சது."

பாய் முகம் மலர்ந்துவிட்டது. அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மலேசியாவில் அவரோடு ஒரே அறையில் இருந்த செல்வம் என்கிற சிநேகிதர் குடும்பத்தோடு வருகிறார். "அவரு இல்லேன்னா நான் மொத வருஷமே அழுதுக்கிட்டு ஓடியாந்துருப்பேன். தூண்டில் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததும் அவருதான். அவருக்கு இதே மாதிரி ஒண்ணு நம்ம ஊர்ல செஞ்சு குடுக்கணும்." மாதிரிக்கு அந்த மீனையே என்னிடம் விட்டுப்போனார். சோதிக்க ஒரு பழைய தூண்டில் ராடும் கொடுத்தார். போகும்போது ஒன்று சொன்னார்: "தொட்டியிலயே விட்டுப் பாத்துக்குங்க. கண்மாயில மட்டும் போட்டுறாதீக."

4. தூக்குக்குண்டு முடிச்சு

ஒரு காலைப் பார்த்து நாற்பது கால் கடைகிறவனுக்கு ஒரு மீனைப் பார்த்து இன்னொரு மீன் செய்வதா பெரிது என்று நினைத்தேன். பதினான்கு செய்தேன். அதே எடை, அதே அரை நூல் விலகல், அதே வளைப்பு. அவற்றில் பன்னிரண்டு, தொட்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் போயின. இரண்டு குப்புறக் கவிழ்ந்தன.

வள்ளி தொட்டிச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பழசை விடுங்க, பாப்போம்" என்றாள். விட்டேன். அதுவும் நேராகத்தான் போனது. "தொட்டி பத்தாதுங்க. அது ஒதுங்குறதுக்குள்ள சுவரு வந்துருது."

அவள் சொன்னது சரி. நீளத் தண்ணீர் வேண்டும். மறுநாள் காலையில் சாக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனேன். நான் செய்த பதினான்கையும் எடுத்துப் போயிருக்கலாம். பாயின் மீனைத்தான் எடுத்துப் போனேன். அது எப்படி ஒதுங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் சூட்சுமம் பிடிபட்டுவிடும் என்று ஒரு எண்ணம்.

தங்கூஸ் நரம்பை வளையத்தில் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான், தூக்குக்குண்டைக் கயிற்றில் கட்டுகிற முடிச்சு. பருத்திக் கயிறு கவ்விக்கொள்ளும். தங்கூஸ் வழுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வீச்சில் பார்த்தேன். பாய் சொன்னது அப்படியே. மீன் வந்துகொண்டே இருந்தது, தாமரை இலை ஓரத்தில் ஒரு பக்கம் ஒதுங்கியது, திரும்பியது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தண்ணீர் வெடித்தது. ராடு வளைந்தது, அடுத்த நொடி நிமிர்ந்தது. நரம்பைச் சுற்றி இழுத்தால் நுனியில் சுருள் சுருளாக ஒரு வளைவு மட்டும் வந்தது. அறுபடவில்லை, முடிச்சு அவிழ்ந்திருந்தது.

நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி மதியம் வரை தேடினேன். வாயில் முள்ளோடு போன அந்த விராலை நினைத்தும் பாவமாக இருந்தது.

5. பல்தடம்

வீட்டுக்கு வந்து வள்ளியிடம் சொன்னேன். "இப்பவே போயிச் சொல்லிட்டு வந்துருங்க" என்றாள். நான் போகவில்லை. பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதினான்கில் ஒன்றை எடுத்தேன். கலரை உப்புத்தாளால் தேய்த்து மங்க வைத்தேன். தொலைந்துபோன மீனில் விரால் கடித்த தடம் எங்கெங்கே இருந்தது என்பது எனக்கு மனப்பாடம். குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். இடது கண்ணுக்குப் பின்னால் மூன்று, வாலுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கீறல். மூன்று நாள் வேலை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையில் அதைவிடச் சுத்தமான வேலை அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

வள்ளி வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "அச்சு அசலா இருக்கு. இதுக்குக் காட்டுன கவனத்துல கால்வாசிய அந்த முடிச்சுல காட்டிருக்கலாம்."

துணியில் சுற்றிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மீனை வாங்கி, பல்தடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கண்டுபிடிக்கவில்லை.

"மாதிரி அமையலையா மேஸ்திரி?"

"அமையல பாய்."

"விடுங்க. செல்வத்துக்கு இதையே குடுத்துருவோம். என்கிட்ட இருக்குறதுல உசத்தி இதுதான். ஊருக்குப் போயி ஆத்துல போடட்டும், என்னை நெனைக்கட்டும்."

விடைபெற்று வாசல் வரை வந்துவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு கப்பலேறி மலேசியா வரை போகப் பார்த்தது. அங்கே அந்த மனிதர் இதைத் தண்ணீரில் போடுவார், இது நேராகப் போகும். பொய் சொன்னவர் என்று பெயர் வாங்கப்போவது நான் இல்லை, பாய். செருப்பை மாட்டிய காலோடு நின்று யோசித்தேன். மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தனி டிசைன் என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்து.

பாய் அந்தப் பல்தடத்தை இன்னொரு தடவை தடவினார். பிறகு கேட்டார்: "விரால் எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"பாக்கல பாய். தண்ணி வெடிச்சதத்தான் பாத்தேன்."

"என்ன முடிச்சுப் போட்டீக?"

பந்தல் நூல் ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டினேன்.

"இது செவத்துக்குத் தூக்குப் பாக்குற முடிச்சு. கண்மாயில என்ன செவரா கட்டுனீக?" என்று சொன்னவர், அந்த நூலை வாங்கி ஐந்து சுற்று சுற்றி, நுனியைக் கண்ணிக்குள் விட்டு, எச்சில் தொட்டு இறுக்கிக் காட்டினார். பிறகு மீனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "தொலைச்சீக, அது போகட்டும். விரால் வாயில போனது போனதுதான். ஆனா உக்காந்து பல்லுத்தடம் போட்டீக பாருங்க, அது எனக்கு ஆறல. கொஞ்ச நாளைக்கு இங்குட்டு வராதீக."

அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பத்து நாள் பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. கதவுக் கீலில் தங்கூஸைக் கட்டி அந்த ஐந்து சுற்று முடிச்சையே போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

6. நீளத் தண்ணீர்

பதினோராம் நாள் பாய் வந்தார். கையில் கல்யாணப் பத்திரிகை. வள்ளியிடம்தான் கொடுத்தார். "ரெண்டு பேரும் வந்துருங்க தங்கச்சி" என்றார். திரும்பிப் போகும்போது என்னிடம், "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் கண்மாய்க்குப் போறோம். அந்தப் பதினாலையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

பிரியாணி நன்றாக இருந்தது. அதை நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

மறுநாள் காலை பாய், செல்வம், நான் மூன்று பேரும் கரையில் நின்றோம். செல்வம் குட்டையாக, சாதுவாக இருந்தார். பாய் வழியிலேயே முழுக் கதையையும் சொல்லியிருந்தார், பல்தடம் உட்பட. செல்வம் அந்தப் போலியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை அலமாரில வைக்கலாம் மேஸ்திரி, தண்ணில போட மனசு வராது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மற்றவற்றை நீளத் தண்ணீரில் ஒவ்வொன்றாக வீசிப் பார்த்தோம். நேராகப் போனவை நேராகப் போயின, கவிழ்ந்தவை கவிழ்ந்தன. பத்தாவதோ பதினொன்றாவதோ வீசியது பாதி வழியில் ஒரு பக்கம் ஒதுங்கி, யோசித்து, திரும்பி வந்தது. அது என் பட்டறையில் இத்தனை நாளும் டப்பாவுக்குள் கிடந்திருக்கிறது. நான் செய்ததைக் கொண்டுபோய்ச் சோதிக்காமல் பாயின் பொருளைக் கொண்டுபோய்த் தொலைத்திருக்கிறேன்.

"செல்வம், அத உங்க நரம்புல கட்டுங்க" என்ற பாய், உடனே நிறுத்தினார். "வேணாம். மேஸ்திரி கட்டட்டும்."

"கட்டுறேன். நீங்க ஒரு தடவை பாத்துருங்க பாய்."

"நான் எதுக்குப் பாக்க?" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐந்து சுற்று. கண்ணிக்குள் நுனி. எச்சில். இறுக்கினேன்.

விரால் உடனே ஒன்றும் வந்துவிடவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் கோரைப் பக்கம் தண்ணீர் வெடித்தது. செல்வத்தின் ராடு வளைந்தது, வளைந்தபடியே நின்றது. அவர்கள் இருவரும் மீனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு மீன் கண்ணிலேயே படவில்லை. அது கரைக்கு வந்து, பாய் குறட்டால் முள்ளைக் கழற்றியதும், நான் குனிந்து அந்த முடிச்சைத்தான் தொட்டுப் பார்த்தேன். போட்ட இடத்திலேயே இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு மரம், கம்பி, ஈயம் எல்லாம் சொல்லிவிட்டேன். மிச்சம் ஒன்றுதான். ஒருவர் பொருள் உங்கள் கையில் வீணாகிப்போனால், ஈரம் காய்வதற்குள் நடந்து போய்ச் சொல்லிவிடுங்கள். பல்தடம் போட உட்கார்ந்துவிடாதீர்கள்.