அண்ணன் திறந்து வைத்த ஆறு சிலிண்டர் என்ஜின்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு அவர் மாமா, சித்தப்பா, பங்காளி. மீதிப் பேருக்கு, கார் நடுவழியில் நின்றால் போன் போடும் ஆள். இரு தரப்பாருக்கும் சேர்த்துத் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருப்புலிவனத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம். டிராக்டர் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை உழவும் நிற்கும். காத்திருப்பது அண்ணனுக்கு ஆகாது. தானே திறந்து பார்க்கத் தொடங்கினார். பிறகு வெளியூர்ப் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு, உத்திரமேரூரில் வீட்டை ஒட்டியே சொந்தப் பட்டறை போட்டார். முதல் சில வருடங்கள் பெரிய கஷ்டம். அண்ணி அடுத்தவர் நிலத்தில் நாற்று நடப் போய்த்தான் அடுப்பு எரிந்தது. அண்ணன் முன்கோபி. சாப்பிடும்போது யாராவது வண்டியைப் பற்றிப் பேசினால் தட்டைத் தள்ளிவிடுவார். என் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். மரியாதைக்காக அல்ல, நகக்கண்ணில் இருந்த கிரீசுக்காக.

பின்னாளில் ஆறு சிலிண்டர் கார்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. வசதி வந்தவர்கள் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினார்கள். பழுது என்றால் எல்லா மெக்கானிக்கும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மெட்ராசுக்குக் கொண்டுபோ. ராஜகுளத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனின் நண்பரும் அந்தக் கட்சிதான். டீக்கடையில் இருவருக்கும் இதே வாக்குவாதம்.

"ஆறு சிலிண்டர்னா ஆறு தலவலி. நாலு போதாதா மனுசனுக்கு?" என்பார் அவர்.

"என்ஜினு எங்கப்பா கெடுது? அத்தச் சுத்தி வச்சிக்கீறான் பாரு, பிளாஸ்டிக் பைப்பு, ரப்பரு, அதுதான் கெடுது. தண்ணி ஒழுகறது தெரியாம ஓட்டிக்கினு போறான். சூடு ஏறி ஹெட்டு போவுது. அதுக்கு என்ஜினு இன்னா பண்ணும்?" என்பார் அண்ணன்.

ஆறும் ஒரே வரிசையில் நிற்கும் என்ஜின் அவருக்குப் பிடிக்கும். இரண்டு பக்கமும் கை போக இடம் உண்டு. மூன்று மூன்றாகப் பிரிந்து V வடிவில் நிற்பதுதான் வம்பு. பின்வரிசை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக் மாற்றுவதற்கே மேலே இருக்கும் காற்றுக் குழாய்களையெல்லாம் கழற்ற வேண்டும். "கெடாது. கெட்டா கையி நொழையாது," என்பது அவர் தீர்ப்பு. அண்ணன் கை உலக்கை கனம். அதனால் பின்வரிசை வேலைக்கு ஒல்லிக் கைக்காரரான ராஜகுளத்து நண்பரையே கூப்பிடுவார். அவரும் கையை உள்ளே விட்டபடியே மெட்ராசுக்கு அனுப்பச் சொல்லித் திட்டுவார்.

சென்ற ஆண்டு, திருப்புட்குழியைச் சேர்ந்த பட்டு வியாபாரி ஒருவர் அப்படியொரு V வண்டியை விட்டுச் சென்றார். என்ஜின் தலைப்பகுதியில் டிக் டிக் என்று சத்தம். அண்ணன் மேல்மூடிகளைத் திறந்து, டாப்பெட்டுகளை வெளியே எடுத்தார். அவை சிறு கிண்ணம் போன்ற இரும்புகள். பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் கனத்தில் நூலளவு வேறுபடும். எது எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே திரும்ப உட்கார வேண்டும். வரிசை மாறாமல் இருக்க, அண்ணி ஒதுக்கிய பழைய இட்லித் தட்டுகளில் குழிக்கு ஒன்றாக வைப்பது அவர் வழக்கம். அன்றும் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டார்.

மறுநாள் எடுத்த பிறகு, முறைப்படி பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். எங்கள் சின்னம்மா பட்டறையையும் கழுவினார். இட்லித் தட்டுகள் எண்ணெயில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். சாவு வீட்டில் சமையல் சாமான் இப்படிக் கிடக்கலாமா என்று, இரும்புகளைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி ஒரே பேசினில் கொட்டிவிட்டு, தட்டுகளைச் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்து அடுக்களையில் மாட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அண்ணி அந்தப் பேசினை எடுத்துப்போய் வண்டிப் பக்கத்தில் வைத்தார். துக்கம் விசாரிக்க வந்த வியாபாரி நல்ல மனிதர். "நீங்க கவலப்படாதீங்கம்மா. நான் மெட்ராசுக்கு இழுத்துனு போயிக்கறேன்," என்றார்.

"வாணாங்க. தொறந்து போட்ட வண்டிய இழுத்துனு போனா ஊரே பாக்கும். இங்கயே பாக்கலாம்னு அவரு இத்தினி வருசம் சொன்னது பொய்யின்னு ஆயிடும். காரியம் வரிக்கும் பொறுங்க," என்றார் அண்ணி.

ராஜகுளத்து நண்பர் வந்து பேசினைக் கிளறிப் பார்த்தார். "எது எங்க இருந்துச்சின்னு தெரிஞ்ச ஆளு போயிட்டாரே," என்றார். பிறகு உட்கார்ந்தார். ஒரு டாப்பெட்டை வைப்பார், அதன் மேல் சுழலும் கேம் தண்டைப் பூட்டுவார், இடைவெளியைக் கேஜ் தகட்டால் அளப்பார், சேராது, மறுபடி கழற்றுவார், வேறொன்றை வைப்பார். சொந்தப் பட்டறையைப் பூட்டிப்போட்டு வந்து இந்த வேலையைச் செய்தார். அண்ணி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். "பாவி, நாலு சிலிண்டரா தொறந்து வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா," என்று நண்பர் முனகியதும், அண்ணி அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்துவிட்டார்.

காரியத்துக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. அண்ணி சாவியைத் திருப்பினார். சின்னம்மா வாசலிலேயே நின்றிருந்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

"இன்னும் ஸ்டார்ட்டே ஆவலியாடி?" என்று கேட்டார்.

"ஓடிக்கினுதான் கீது, அத்தே. சத்தந்தான் இல்ல," என்றார் அண்ணி.

சின்னம்மா கிட்டே வந்து பானெட்டின் மேல் கையை வைத்து, அந்த லேசான அதிர்வைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே கீழே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். சுடுகாட்டுக்குப் போனபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் திறந்த வண்டியை வேறொருவர் மூடிய அன்றுதான், அவர் இனி வரமாட்டார் என்பது உறைத்தது.

இதை எழுதலாமா என்று சின்னம்மாவிடம் கேட்டேன். "எழுதுடி. நானுந்தான் அவன் வேலயத் தொட்டேன்," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருவாருக்கும், பொறுத்திருந்த வியாபாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ராஜகுளத்து நண்பருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வண்டியை எடுக்கும்போது வியாபாரி அவரிடம், "அடுத்த வாட்டி ராஜகுளத்துக்கே கொண்டாந்துடட்டுமா?" என்று கேட்டார்.

அவர் கையைத் துடைத்தபடி, "அங்க ஏன்? இங்கயே கொண்டா. ஞாயித்துக்கெயம நான் இங்கதான் இருப்பேன்," என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார். அண்ணி பட்டறையைத் திறந்து வைக்கிறார்.