கயிற்றின் வால்

யாரும் தள்ளாமலே ஒருத்தி தன் இடத்தை இழந்துவிட முடியுமா? இழந்துவிட்டால் அதற்குப் பொறுப்பென்று யாரைச் சொல்வது?

சந்தியோகுவுக்கு இந்த மாதிரிக் கேள்விகளில் பழக்கமில்லை. அவர் பருத்தித்துறை பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டோ விடுகிறவர். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவரிடம் வந்த கேள்விகள் எல்லாம் எங்கே போகலாம், போக எவ்வளவு நேரமாகும் என்பவைதான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இறங்குமிடம் சொல்லாத பயணியைப்போல அந்தக் கேள்வி வந்து பின்சீற்றில் குந்திக்கொண்டது.

ஓகஸ்ட் வந்தால் யாழ்ப்பாணம் நிறைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கொழும்பிலிருந்து வருகிறவர்கள், தெற்கிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். நல்லூரில் கும்பிட்டு, கசூரினாவில் குளித்து, நயினாதீவுக்குப் படகேறி முடிந்ததும் அவர்களுக்கு ஒரு பசி வரும். வேறு ஒருவருக்கும் தெரியாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தப் பசி என்னவென்று சந்தியோகுவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் அதற்குப் பரிமாறப் பழகிக்கொண்டார். வல்லிபுரத்து மணற்குன்றுகள், மணற்காட்டில் மணலுக்குள் புதைந்துபோன பழைய தேவாலயம், விருப்பமிருந்தால் புத்தூர் நிலாவரைக் கிணறு. இரண்டு மூன்று வருடத்தில் இவையும் எல்லோருக்கும் தெரிந்த இடங்களாகிவிட்டன. புதைந்த தேவாலயத்தின் சுவரில் ஏறிநின்று படம் எடுக்க வரிசை நின்றது.

அப்போதுதான் நிவேதனா வந்தாள். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள், தாய் தகப்பன் சண்டிலிப்பாய்க்காரர். தமிழை யோசித்து யோசித்துக் கதைப்பாள். போகிற இடங்களைப் படம்பிடித்து இணையத்தில் போடுவது அவள் வழக்கம். தேவாலயத்துச் சனத்தைப் பார்த்ததும் அவளுடைய முகம் விழுந்துபோயிற்று. அதைப் பார்த்த சந்தியோகுவுக்கு, விருந்துக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவதுபோல ஒரு கூச்சம் வந்தது. ஓட்டோவைத் திருப்பித் தன்னுடைய ஊர்க்கரைக்கு விட்டார்.

அது மணற்காட்டுக்கும் அப்பால், சவுக்கமரங்களுக்கு ஊடே போகும் மணல் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஓர் அந்தோனியார் சிற்றாலயம், கொஞ்ச வீடுகள், கரைவலை வைக்கும் கொட்டிலான வாடி ஒன்று. அவ்வளவுதான். வலை ஜெரிசனுடையது. தகப்பனுக்குப் பிறகு வலையின் முதலாளியாக, சம்மாட்டியாக வந்தவன், வயதில் இளையவன், ஒருவரையும் கடிந்து பேசாதவன். பக்கத்துக் கரைகளில் உழவு இயந்திரத்தில் கயிற்றைக் கட்டி வலை இழுக்கிறார்கள். ஜெரிசனின் கரையில் அப்போதும் கையால்தான் இழுத்தார்கள்.

அந்தக் கரைக்கு ஒரு முறை உண்டு. படகு கடலில் அரைவட்டமாக வலையை வளைத்து வந்ததும், கரையில் நிற்கிறவர்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். மீன் நிறைந்த வலையின் மடி மணலைத் தொடும்போது எவருடைய கை கயிற்றில் இருக்கிறதோ, அவருக்குப் பங்கு. ஆர் நீ, எவ்வளவு இழுத்தாய் என்று கேட்பதில்லை. தண்ணீருக்குள் நின்று பாரம் இழுப்பவர்கள் ஜெரிசனின் ஆட்கள். உலர்ந்த மணலில், கயிற்றின் வால்பக்கத்தில், முடியாதவர்களும் தனித்த பெண்களும் வந்து பிடிப்பார்கள். அவர்கள் பெரிதாக இழுப்பதில்லை. அதைப்பற்றி ஒருவரும் கதைப்பதுமில்லை. தருமம் என்ற சொல் அங்கே எழுந்ததே கிடையாது. கை இருந்தது, பங்கு கிடைத்தது.

சந்தியோகுவின் தமக்கை மக்டலீன் அந்த வால்பக்கத்தில் நிற்பவள். சுனாமி அவளுடைய புருஷனைக் கொண்டுபோன பிறகு, அவள் எவரிடமும் கைநீட்டியதில்லை. தம்பியிடம்கூட இல்லை. காலையில் கயிறு பிடிப்பாள், கிடைத்ததைப் பனையோலைக் கடகத்தில் போட்டுக்கொண்டுபோய் வீதியில் விற்பாள், மிச்சத்தைக் காயவைப்பாள். அந்த ஒரு பிடி கயிறுதான் அவளுடைய சோறும் நிமிர்வும்.

இந்த முறையைச் சந்தியோகு நிவேதனாவுக்குச் சற்றுப் பெருமையோடு விளங்கப்படுத்தினார். தானும் பிடிக்கலாமா என்று கேட்டாள். பிடிக்கலாம், பிடித்தால் பங்கும் தருவார்கள் என்றார். அவள் மக்டலீனுக்குப் பக்கத்தில் போய் நின்று, முகம் சிவக்கச் சிவக்க இழுத்தாள். மடி வந்தது. ஜெரிசன் முறைப்படி ஒரு பை சூடைமீனை அவளிடம் நீட்டினான். அவள் பையைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் சந்தியோகுவைப் பார்த்தாள்.

"அதை விட்டிட்டு வாங்கோ பிள்ளை," என்றார் சந்தியோகு. "வெயிலுக்கை ஓட்டோ முழுக்க மீன் வெடுக்கடிக்கும். ஜெரிசன் ஒண்டும் நினைக்கமாட்டான்."

வால்பக்கத்திலிருந்து மக்டலீன் சிரித்தாள். "உன்ரை ஓட்டோவுக்கு எப்பயடா மூக்கு முளைச்சது? நீ பிறந்து வளந்ததே இந்த வெடுக்குக்கைதானே."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரிசனும் சிரித்துக்கொண்டே பையை வாங்கித் தன் குவியலில் கொட்டினான். பங்கு வேண்டாமென்று சொன்ன ஆளை அந்தக் கரை அதுவரை கண்டதில்லை. அப்படி வந்தால் மீன் யாருக்கு என்று முன்னோர் ஒருவரும் சொல்லிவைக்கவுமில்லை. அது சம்மாட்டியின் குவியலுக்குத் திரும்பியது. சந்தியோகு சொன்னபடியே நடந்தது.

நிவேதனா நல்ல பிள்ளை. படத்தில் கரையை அழகாகக் காட்டியிருந்தாள், முறையையும் பிழையில்லாமல் சொல்லியிருந்தாள். அதைப் பார்த்து முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஒரு குடும்பம். அடுத்த வருடம் விடுதிகளிலிருந்து வான்கள் மணல் ஒழுங்கைக்குள் இறங்கின. வந்தவர்கள் எல்லோரும் கயிறு பிடித்தார்கள், பங்கை வேண்டாமென்றார்கள். வெடுக்கு வானுக்குள்ளும் அடிக்கும்தானே. கயிற்றில் கைகள் கூடக் கூட ஜெரிசனின் குவியல் உயர்ந்தது. அவன் அதைத் திட்டமிடவில்லை. வந்ததை வாங்கிக்கொண்டான்.

வந்தவர்கள் நின்றது வால்பக்கத்தில். கால் நனையாது, படமும் நன்றாக வரும்.

ஒரு நாள் கொழும்புக் குடும்பம் ஒன்றைக் கொண்டுவந்தவர் சந்தியோகுதான். சவுக்கமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மக்டலீன் பிந்தி வந்தாள். கயிற்றில் இடுக்கு ஒன்று கண்டு கையை வைத்தாள். வந்த குடும்பத்துத் தாய், கையில் போனோடு, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "அம்மா, ஒரு நிமிஷம் கொஞ்சம் அங்கால நிக்கிறீங்களா? பிள்ளைகளை ஒரு படம் எடுத்திடுறேன்."

மக்டலீன் விலகினாள். கேட்டால் விலகுவதுதான் அவளுக்குத் தெரிந்த நாகரிகம். ஒரு படம் நாலு படமாயிற்று. அதற்குள் மடி மணலைத் தொட்டுவிட்டது.

ஜெரிசனுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். பங்கு பிரித்த பின் ஒரு கை மீனை அள்ளிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"என்ரை கை கயித்திலை இருக்கேல்லைத் தம்பி," என்றாள் மக்டலீன். வெறுங்கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதன் பிறகு அவள் கயிற்றுக்கு வரவில்லை.

அங்கே நின்ற எவரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் சந்தியோகுவைத் தின்றது. படம் கேட்டவள் கெட்டவளல்ல. ஜெரிசன் முறையை மீறவில்லை, மக்டலீனும் மீறவில்லை. எல்லோரும் முறைப்படி நடந்த இடத்தில் ஒருத்தி மட்டும் வெளியே நின்றாள். திரும்பிப் பார்த்தால், தொடக்கத்தில் தன்னுடைய ஓட்டோவின் வாசனையைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருவன் தெரிந்தான். அவனுடைய கவலையும் அப்படியொன்றும் பெரிய பாவமல்ல.

சந்தியோகு சும்மா இருக்கவில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் செய்து பார்த்தார். தான் கொண்டுவருகிறவர்களிடம், மீனை வாங்கி வால்பக்கத்துப் பெண்களிடமே கொடுங்கள் என்று சொன்னார். அவர்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள், கொடுப்பதைப் படமும் எடுத்தார்கள். மற்றப் பெண்கள் இருவர் வாங்கினார்கள். மக்டலீனின் வீட்டு வாசலுக்கு ஒரு பை போனது. போன கையோடு திரும்பியும் வந்தது. நிவேதனாவுக்குச் செய்தி அனுப்பினார். அவள் மிகவும் வருந்தி அன்றைக்கே படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். அதற்குள் அதே கரையை வேறு பலர் தங்கள் படங்களில் காட்டியிருந்தார்கள். ஆலயத்துப் பாதிரியார் சுவாமியிடம் போய்ச் சொன்னார். சுவாமி ஞாயிறு பூசையில் அதைப்பற்றி நன்றாகவே பேசினார், ஊர் முழுவதும் தலையசைத்தது. திங்கள் காலை முதலாவது வான் வந்தது.

ஜெரிசனிடம் நேரே கதைத்தும் பார்த்தார். வாடிக்குள் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் வேலையை நிறுத்தாமல் கேட்டான்.

"நான் ஆரையும் வரவேண்டாமெண்டு சொன்னனானோ அண்ணை?"

"சொல்லேல்லை."

"இப்ப வாற சனத்தை வரவேண்டாமெண்டு சொல்லவோ? கயித்தைப் பிடிச்ச கையைத் தட்டிவிட அப்புவும் எனக்குச் சொல்லித் தரேல்லை."

சந்தியோகு வலையின் கிழிந்த ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தார்.

"போன வருசம் ட்ரக்டர் போடத்தான் யோசிச்சனான்," என்றான் ஜெரிசன். "ஆள் இல்லை, இழுக்கப் பெடியள் வாறாங்கள் இல்லை. உவையள் வந்தபடியால்தான் அந்த யோசனையை விட்டனான். ட்ரக்டர் வந்தால் கயித்துக்கு வாலே இல்லை அண்ணை. அக்காவுக்கும் இல்லை, ஒருத்தருக்கும் இல்லை."

உண்மைதான். சந்தியோகு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவந்தார்.

மக்டலீன் புத்தூர்ப் பக்கம் வெங்காயக் கூலிக்குப் போகத் தொடங்கினாள். விடியமுன்னர் ஒரு பட்டா வாகனம், சின்ன லொறி, வீதிக்கு வரும். பெண்கள் பின்னால் நின்றபடி போவார்கள். குனிந்து பழகாத உடம்பு. மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். ஓட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் தம்பி. மாட்டேன் என்றாள். ஒரு நாள் சந்தையில் நல்ல பாரைமீனாக வாங்கிக்கொண்டு அவளுடைய குசினிக்குள் போய் வைத்தார். அவள் அதைப் பார்க்கவுமில்லை.

"சொந்தத் தம்பியட்டை வாங்கினால் என்னக்கா? அங்கை ஜெரிசனட்டை வாங்கினனிதானே."

"அவனட்டை நான் வாங்கேல்லை," என்றாள் மக்டலீன். "அங்கை நான் இழுத்தனான்."

வால்பக்கத்தில் அவள் எவ்வளவு இழுத்தாள் என்பது சந்தியோகுவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஒருவரும் சொல்லாமல் காத்ததால் மட்டுமே நின்ற ஒன்று அது. இப்போது அதை யாராலும் எடுத்து அவள் கையில் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது வேறொன்றாகிவிடும். மீனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த மாரி முழுவதும் கடல் கொந்தளித்துக் கிடந்தது, வலை வளைக்கவில்லை. பங்குனியில் கடல் அடங்கியதும் ஜெரிசன் படகை இறக்கினான். வான்களும் வந்தன. ஓட்டோவுக்கு நல்ல ஓட்டம் கிடைக்கும் காலம். ஆனால் காலையில் சந்தியோகுவைப் பஸ் நிலையத்தில் காணவில்லை.

அவர் கரையில் நின்றார். வான்கள் வருமுன்னரே வந்து, வால்பக்கத்தில் மக்டலீன் வழக்கமாக நின்ற இடத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுனாமிக்குப் பிறகு அவர் கயிறு தொட்டது அதுதான் முதல்முறை. வந்தவர்கள் சுற்றிவர நெருக்கினார்கள். ஒரு பெண் சற்றுத் தள்ளி நிற்கும்படி சிரித்த முகத்தோடு கேட்டாள். அவர் விலகவில்லை. மடி மணலைத் தொடப்போகும் தறுவாயில் கயிற்றிலிருந்து கையை எடுத்தார், சாரத்தில் துடைத்தார், மரத்தடிக்கு வந்துவிட்டார்.

ஜெரிசனால் பங்கு கொடுக்க முடியவில்லை. கை கயிற்றில் இல்லையே.

மறுநாளும் அப்படியே செய்தார். அதற்கடுத்த நாளும். மக்டலீனிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள், பட்டா வாகனம் வந்ததும் ஏறிப்போனாள். உழைப்பையும் விட்டு, இழுத்த மீனையும் விட்டு, இதென்ன விசர்வேலை என்று ஒரு நாள் ஜெரிசன் பக்கத்தில் வந்து கேட்டான். சந்தியோகு கயிற்றில் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அந்தப் பருவம் முடியும்வரை காலையில் மக்டலீனின் அந்த ஒரு பிடி கயிற்றை வேறொரு கை தொடவில்லை. ஏனென்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.