பாராசூட் வேண்டாத ராக்கெட்

என் சித்தி தையல்காரி. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் நாலு பேர் ராக்கெட் செய்துகொண்டிருந்தார்கள். பைத்தியக்காரக் கொட்டகை என்றுதான் ஊரே சொல்லும். அவர்களுக்குப் பாராசூட் தைத்துக் கொடுத்தது சித்திதான். முதல் ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியபோது காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தைத்த பட்டுத்துணியில் தொங்கி அது பூப்போல இறங்கிய பிறகுதான் மூச்சே வந்தது.

ஒருமுறை தையல் பிரிந்து, ராக்கெட் வயலில் விழுந்து ஆளுயரப் பள்ளம் பறித்தது. சித்தி வெகுநாள் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பிறகு ராணுவம் வந்தது. ராக்கெட் மூன்று மாடி உயரத்துக்கு வளர்ந்தது. புது அளவு கேட்க டேப்போடு போனாள் சித்தி.

"இனிமே பாராசூட் வேண்டாம்க்கா." சட்டைக்குப் பை வேண்டாம் என்பதுபோல, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார் நாலு பேரில் ஒருவரான இன்ஜினியர்.

"அது இல்லாம எப்படி தம்பி இறங்கும்? அன்னைக்கு மாதிரி விழுந்து தொலைக்குமே."

"அன்னைக்கு மாதிரி விழணும்னுதான்க்கா செய்றோம்."

சித்தி டேப்பைச் சுருட்டினாள். "எங்க?" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே புதிதாக ஒரு வரைபடம் தொங்கியது. அதில் வயல்கள் இல்லை, ஊர்கள்தான் இருந்தன.