நான் கெடுத்த படம்

கோடையில் பழவேற்காடு ஏரியின் ஓரங்கள் வற்றி, உப்புப் பூத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்த்தால் பாலைவனம்தான். அதன் மேல் தெரியும் நட்சத்திரங்களைப் படம் எடுக்க நானும் நண்பன் கபீரும் போனோம். பொன்னேரியில் கல்யாணப் படம் எடுப்பது என் பிழைப்பு. அவன் மீன் வியாபாரி. கேமரா வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் அவன் படங்களைத்தான் மெச்சினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அன்றும் நான் எடுத்ததெல்லாம் மங்கலாகவே வந்தது. அவனுக்கோ முதல் படத்திலேயே பால்வீதி முழுசாக விழுந்திருந்தது. அடுத்த படத்துக்குக் கேமராவை அரை நிமிடம் திறந்துவைத்துவிட்டு, வேறு இடம் பார்க்க இருட்டில் ஓரமாக முன்னே நடந்தான். அந்த நேரத்தில் வெளிச்சம் பட்டால் படம் பாழ். அது தெரிந்தேதான் டார்ச்சை அடித்தேன்.

கபீர் சட்டென்று நின்றான். அவன் காலுக்கு ஓரடி முன்னால் காய்ந்த தரை முடிந்து, கறுப்பாகச் சேறு மின்னியது.

"யப்பா! இன்னா மச்சான், கரெக்டா அடிச்ச! இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா இடுப்பு வரைக்கும் உள்ள போயிருப்பேன். படம் போனா போவுது, வுடு" என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

நான் டார்ச்சை அணைத்தேன்.

வெளுத்துப்போன அந்தப் படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். "என்னைக் காப்பாத்துன லைட்டு இது, இவன் அடிச்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான். நான் எடுத்த படம் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. நான் கெடுத்ததுதான் இருக்கிறது. அங்கே போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.