வளையலுக்கு அடியில்

தி.நகர் ஜவுளிக்கடையில் வருஷக்கணக்காகப் புடவையை உதறி விரித்து, மடித்து, மறுபடி விரித்தே என் வலது மணிக்கட்டு போயிற்று. தம்ளரைக்கூடத் தூக்க முடியாத கையோடு, ஆபரேஷனுக்கு வேறு வழியில்லாமல், இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் நல அலுவலகத்தில் மனுப் போட்டேன்.

விசாரணையில் கடை வக்கீல் சிரித்தார். "வீட்டுல மாவு பிசைஞ்சு வந்த வலிம்மா இது. கடையில வேற யாருக்காவது இருக்கா?"

கடைக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த ஃபாத்திமா, என் பக்கத்துக் கவுன்ட்டர்க்காரி, எழுந்தாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அடியில் அழுக்கேறிய பேண்டேஜ்.

"கஸ்டமர் கண்ணுல கட்டு படக்கூடாதுன்னு சூப்பர்வைசர்தான் வளையல் போடச் சொன்னாரு, சார். நான் இன்னா மாவா பிசைஞ்சேன்? எங்க வூட்ல சமையலே எங்க வூட்டுக்காரருதான்."

விசாரணை அதிகாரி சிரித்துவிட்டார். வக்கீல் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. என்னிடமும் சூப்பர்வைசர் அதையேதான் சொல்லியிருந்தார். எனக்கு மட்டும்தான் வலி, அது என் உடம்பின் குறை என்று நம்பி, கூசிக் கூசி மறைத்திருந்தேன்.

இழப்பீடு கிடைத்தது. அடுத்த மனு ஃபாத்திமாவுடையது. எனக்குத் தீர்ப்பு வந்த மாலை உஸ்மான் சாலை நெரிசலுக்குள் இருவரும் கட்டுப் போட்ட கைகளை உயர்த்தியபடி நடந்தோம், ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போகிறவர்கள் மாதிரி. கூட்டம் வழிவிட்டது.