செவ்வாய்க்கிழமை மஞ்சள் பலகை

டார்லீன் கோவாச்சின் முழங்கால்கள் எல்ம்ஸ்டன் கல்லூரிக்காக இருபத்தாறு வருடம் உழைத்தவை. அவற்றின் நலம் பற்றிப் பேச அங்கே இதுவரை ஒரு குழுவும் கூடியதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கூடியிருக்கிறது.

ஒஹாயோ மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரிலேயே பிறந்து, அங்கேயே பள்ளி முடித்து, அப்பா வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை மூடப்பட்ட சில வருடங்களில் கல்லூரியில் துடைப்பம் பிடித்தவள் அவள். புருஷன் வெர்ன் ஒரு நாள் காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. அடுத்து வரும் காட்சி மனதைப் பாதிக்கலாம் என்று அன்றைக்கு யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தாள். வாளிகள் வைக்கும் அலமாரிக்குள் நின்று அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு இரண்டாம் மாடிக் கழிவறையைக் கழுவப் போனாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு சொத்து இருந்தது. தரைத்தளத்தில், துப்புரவு ஊழியர்களின் சாப்பாட்டு அறை. ஒரு மேஜை, ஆறு நாற்காலி, கதவு சரியாக மூடாத ஒரு மைக்ரோவேவ். மதியம் அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் சாப்பிடுவாள். இருபத்தாறு வருடத்தில் கல்லூரி அவளுக்குக் கொடுத்த ஆடம்பரம் அவ்வளவுதான்.

அந்த வருடம் செப்டம்பரில் அதுவும் போயிற்று. மாணவர்கள் மனு கொடுத்தார்கள், குழு கூடியது, அறை "பாதுகாப்பு அறை" ஆனது. வகுப்பில் கேட்டதோ படித்ததோ மனதைக் கலக்கினால் வந்து ஆற்றிக்கொள்ள ஓர் இடம். மேஜை போனது, உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் பஞ்சு மூட்டைகள் வந்தன. வண்ணம் தீட்டும் புத்தகங்கள், சோப்புக் குமிழி ஊதும் குப்பிகள், நாள் முழுவதும் நாய்க்குட்டிகள் ஓடும் ஒரு திரை. கதவில் விதிகள்: சத்தம் கூடாது, தீர்ப்பு கூடாது, முட்டை வாசனை கூடாது. ஊழியர்களைக் கண்டால் சிலருக்குச் சங்கடமாக இருக்குமாம். அதனால் பெருக்கலாம், உட்காரக் கூடாது.

டார்லீன் மாடிப்படிக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"என்ன மகாராணி, சிம்மாசனம் வசதியா இருக்கா?" என்றான் கூட வேலை செய்யும் ஓடிஸ் பீல்.

"வாயை மூடிட்டுத் தின்னு. இதுவும் பறிபோயிடப் போகுது."

இந்த அறைக்கு ஜென்ம விரோதி ஒருவர் இருந்தார். மூன்றாம் மாடி அறைக்காரர், சரித்திரப் பேராசிரியர் எவரெட் லுண்ட்கிரன். ஆறடி மூன்றங்குலம், கோயில் மணி போன்ற குரல். மனதைக் கலக்கும் பாடங்களுக்கு முன்னால் எச்சரிக்கைக் குறிப்பு சேர்க்கச் சொன்னபோது, "சரித்திரத்துக்கு ஒரே எச்சரிக்கைதான். மனுஷங்க வர்றாங்கன்னு முதல் பக்கத்துல போட்டுடுங்க, போதும்" என்றவர். ஊர்ப் பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதினார். பதிலுக்கு, அறைக்காக, மாணவர் தலைவி பெய்ட்டன் மூன்று எழுதினாள். இரண்டு பேரும் எழுதிக் கசக்கிய காகிதத்தையெல்லாம் கூட்டி அள்ளியது டார்லீன்.

அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. எல்லோரும் வகுப்பில் இருக்கும் நேரம். பஞ்சு மூட்டைகளைத் தட்டிவைக்கலாமென்று டார்லீன் கதவைத் திறந்தாள்.

உள்ளே, ஊதா மூட்டையில் புதைந்து, முழங்கால் இரண்டும் காதைத் தொட, அந்த ஆறடி மூன்றங்குலம் அழுதுகொண்டிருந்தது. கையில் ஒரு பெண்ணின் கழுத்துத்துணி. அவர் மனைவி இங்க்ரிட் வசந்தத்தில் செத்துப்போனது கல்லூரிக்கே தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, மறந்தும்விட்டார்கள். திரையில் நாய்க்குட்டிகள் குதித்துக்கொண்டிருந்தன.

அவர் அவளைப் பார்க்கவில்லை. டார்லீன் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். போய், தரை துடைக்கும்போது வைக்கிற மஞ்சள் பலகையை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினாள். "எச்சரிக்கை! ஈரத் தரை." தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்தக் கல்லூரியில் இரண்டு கட்சியும் மறுபேச்சில்லாமல் மதித்த ஒரே எச்சரிக்கை அதுதான். அந்த நேரத்தில் தப்பித்தவறி வந்த ஓரிரு மாணவர்களும் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஒரு மணிக்குப் பலகை வாசலில் நின்றது. மூன்றாவது வாரம் வெளியே வந்த பேராசிரியர், ஷூ முனையால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தார். படிக்கு அடியில் டார்லீன் சாண்ட்விச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தாள்.

நவம்பரில், அறை வேண்டுமா வேண்டாமா என்று பெரிய கூட்டம். அரங்கம் நிறைந்திருந்தது. லுண்ட்கிரன் எழுந்தார்.

"யார் வர்றா அந்த அறைக்கு? ஒரு ஆளைக் காட்டுங்க! அழணும்னா வீட்டுல போய் அழட்டும். காலேஜ் எதுக்கு?"

பாதி அரங்கம் கை தட்டியது. மீதிப் பாதி விரலைச் சொடுக்கி எதிர்த்தது. கை தட்டினால் சிலர் அதிர்ந்துபோகலாம் என்று, ஆதரவானாலும் எதிர்ப்பானாலும் அவர்கள் சொடுக்குவதுதான் வழக்கம்.

டீன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "பெருக்குறவங்களையே கேட்டுடலாம். டார்லீன், அங்க யாராவது வர்றாங்களா? இல்லைன்னா அறையைப் பழையபடி உங்க ஊழியர்களுக்கே கொடுத்துடலாம்."

ஓடிஸ் அவள் விலாவில் இடித்தான். "இல்லைன்னு ஒரு வார்த்தை, தாயே. மேஜை வந்துடும், நாற்காலி வந்துடும்."

டார்லீன் எழுந்தாள். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. மேடையோரம் பேராசிரியர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வீட்டில் போய் அழட்டுமாம்! வீட்டில்தான் அழ முடியாது என்று அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டில் வெர்னின் ஷூ, லேஸ் கட்டாமல், இன்னும் கதவோரம் கிடந்தது.

"ஒருத்தர் வர்றாங்க. வாரம் தவறாம. உக்காந்து அழுவாங்க" என்றாள்.

விரல்கள் மழைபோலச் சொடுக்கின. "யாரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லவும் வேண்டாம்!" என்று துள்ளி எழுந்தாள் பெய்ட்டன். "அது அவங்க சொந்த விஷயம்."

"ஆமா... ஆமா, கேக்கவே கூடாது" என்றார் பேராசிரியர், தண்ணீர்க் குவளையைத் தேடியபடி.

அந்த இருவரும் ஒரே கருத்தில் இருந்தது அந்த வருடத்தில் அந்த ஒரு நிமிடம்தான். அறை தொடரும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஒருவர் அழுததை எல்லோரும் கொண்டாடினார்கள்.

ஓடிஸ் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள், "உனக்கு மூளை இருக்கா?" என்று மட்டும் கேட்டான். இருந்தால் இருபத்தாறு வருடம் இங்கே இருப்பாளா?

அடுத்த செவ்வாய் அறைவாசலில் நிறுத்தலாமென்று பலகையைத் தேடினாள். வைத்த இடத்தில் இல்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படிப் பக்கம் போனவள் அப்படியே நின்றாள்.

படிக்கு அடியில், வாளி இருந்த இடத்தில், ஒரு நாற்காலி. தோல் வைத்தது, கை வைத்தது. மூன்றாம் மாடியில் ஓர் அறையில் வருடக்கணக்காக அவள் தூசி தட்டிய அதே நாற்காலி. வேறு யாரும் கிட்டே வராதபடி அதற்கு முன்னால் மஞ்சள் பலகை நின்றது.

டார்லீன் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"கிழட்டுப் பயலே" என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அறைவாசலில் நிறுத்தினாள், மணி ஒன்று ஆகப்போகிறதே. திரும்பி வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தாள்.