ஃபெயிலக்காவும் அண்ணனின் பெட்டியும்

நியாயமாகவும் அன்பாகவும் ஒரே நேரத்தில் நடந்துகொள்ள வழி இருக்கும்போது, ஒருவர் ஏன் நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்? ஃபெயிலக்காவை அறிந்த பலரும் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கணினியோடு இணைக்கும் தொலைபேசிக் கருவிகள் கடைக்கு வருமுன் ஒரு பரிசோதனைக் கூடத்தில் தேறியாக வேண்டும் என்பது சட்டம். அக்காவுக்கு அங்கே வேலை. கருவியை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, இடி விழுந்தால் தொலைபேசிக் கம்பியில் எப்படி மின்சாரம் பாயுமோ அப்படிப் பாய்ச்சுவார். துணி கருகினால் கருவி தேறவில்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் கையில் ஷாக் அடிக்கும் என்று தெரிந்தாலும் தேறவில்லை. அவரிடம் தேறிப் போனவை குறைவு என்பதால் அந்தப் பட்டப்பெயர். வைத்தவர்கள் கம்பெனிக்காரர்கள், நிலைக்கச் செய்தவர் அவர் கணவர்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் டெஸ்ட் பண்ணித்தான் பார்த்தா. அன்னைக்கு மிஷின் ரிப்பேர். அதான் நான் பாஸ்" என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார்.

அக்காவோடு பழகுவது சுலபமில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரில் இருக்கும் பிளக்கைப் பார்ப்பார். "இது ஆடுதே, மாத்தலையா?" என்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும். கேட்பதற்கு இதமாக இருக்காது.

அவருக்கு ஒரே அண்ணன். அப்பா போன பிறகு கல்லூரியை விட்டுவிட்டு ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்து தங்கையைப் படிக்க வைத்தவர். நடுவயதில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். அங்கே அவர் செய்த பெட்டியைக் கணினிக்கும் தொலைபேசிக்கும் நடுவில் மாட்டினால், வரும் அழைப்புகளைக் கணினியிலேயே பேசலாம், பதிந்து வைக்கலாம். கணினியை அணைத்துவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் தானாக விலகி, தொலைபேசியை நேராகக் கம்பியோடு சேர்த்துவிடும். வீட்டில் தீப்பிடித்தால் உதவிக்கு அழைக்கும்படி, கணினி எந்த நிலையில் இருந்தாலும் தொலைபேசி வேலை செய்ய வேண்டும் என்பது விதி.

பெட்டி அக்கா வேலை செய்யும் கூடத்துக்கே வந்தது. உறவுக்காரர் பொருளைத் தொடக்கூடாது என்பதால் அதைக் கண்ணாடிக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் சக ஊழியர் பார்த்தார். கணினி ஓடும்போது பார்த்தார், அணைத்துவிட்டுப் பார்த்தார். இரண்டிலும் தேறியது. கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கணவரும் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அண்ணி தன் தங்கையோடு பேசுவதற்கு ரிசீவரை எடுத்தவர், எரிச்சலோடு திரும்ப வைத்தார்.

"உங்க அண்ணன் பெட்டியோட லட்சணத்தைப் பாரு. கம்ப்யூட்டர் மயங்கி விழுந்தா போனும் கூடவே மயங்கிடுது. அப்படி ஒரு பாசம்!"

"பழைய கம்ப்யூட்டர், ஹேங் ஆகுது. அதுக்கு என் பெட்டி என்ன பண்ணும்? ஒயரைப் பிடுங்கிட்டுச் சொருகு" என்றார் அண்ணன்.

அக்கா எழுந்து போய் ரிசீவரைக் காதில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. திரையில் படம் அசையாமல் நின்றது. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கோளாறு கணினியிலா பெட்டியிலா என்று அவருக்கு அப்போது உறுதியாகவில்லை. வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தார். "கையெழுத்து மட்டும்தான் பாக்கியாமே? மொத்தமா வாங்குறவங்க இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாங்களாம்."

"ம்" என்றார் அக்கா.

இரவெல்லாம் யோசித்து அவருக்கு ஒன்று பிடிபட்டது. கூடத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் கணினியில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு, மென்பொருளைப் புதிதாக ஏற்றுவார்கள். பழைய குப்பை முடிவைக் கெடுத்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை. அதனால் அங்கே கணினி உறைந்துபோனதே இல்லை. ஓடும் கணினி, அணைந்த கணினி, இரண்டைத்தான் அவர்கள் அறிவார்கள். உயிர் இருந்தும் அசையாமல் கிடக்கும் கணினியை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்காவும்தான்.

திங்கட்கிழமை காலை, பெட்டி இருந்த மேசையைத் தொடாமல் தள்ளி நின்று அக்கா இதைக் கண்ணாடிக்காரரிடம் சொன்னார். அவர் கணினியை வேண்டுமென்றே உறைய வைத்தார். கணினியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருந்ததால் பெட்டிக்குள் சுவிட்ச் விலகவில்லை. தொலைபேசி செத்துக் கிடந்தது.

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நான் இன்னும் எதையும் பதியல. அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. அவரே திருப்பி வாங்கிக்கட்டும். ரெண்டு மூணு நாள்ல சரிபண்ணிக் கொண்டு வந்துடுவாரு, வரிசையில இடமும் போகாது. நாம ஃபெயில்னு போட்டா கடைசிக்குத் தள்ளிடுவாங்க. மாசம் தாண்டிடும்."

"இது முறையா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? முறைதான். எத்தனை கம்பெனிக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லியிருக்கீங்க!"

உண்மைதான். விதி அதை அனுமதித்தது. முன்பின் தெரியாதவர்களுக்கு அக்கா அதைச் செய்திருக்கிறார்.

அவர் ரிசீவரை எடுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

"ஃபெயில்னே பதிஞ்சிடுங்க" என்றார்.

மொத்தமாக வாங்க இருந்தவர்கள் வேறு இடம் போனார்கள். அண்ணன் பட்டறையில் பாதியை மூடினார். சால்டரிங் செய்த இரண்டு பெண்களை அனுப்பிவிட்டு அந்த வேலையையும் தானே செய்தார். கணினியிலிருந்து அசைவு இல்லாவிட்டால் சுவிட்சை விடுவிக்கும் ஒரு சின்ன சர்க்கியூட்டைப் பெட்டிக்குள் சேர்த்தார். அடுத்த முறை அது தேறியது. கூடத்தில் இப்போது கணினியை உறைய வைத்தும் பார்க்கிறார்கள்.

கண்ணாடிக்காரர் சொன்ன வழியைப் பற்றி எப்படியோ அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாலை தங்கை வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஃபெயில் பண்ணினது தப்புன்னு நான் சொல்லல. பெட்டியில கோளாறு இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஊர் பேர் தெரியாத கம்பெனிக்காரனுக்கு ஒரு போன் போடுவே. எனக்குப் போடக்கூடாதா?"

"உட்காருண்ணா."

"நீ சொல்லு, உட்கார்றேன்."

"மச்சான், அவ என்ன நெனச்சான்னா..." என்று ஆரம்பித்தார் கணவர். அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

அண்ணி அதை வீம்பு என்றார். அண்ணன் என்பதால்தான் நியாயமான சலுகையைக்கூடக் கொடுக்க அக்காவுக்குக் கை வரவில்லை என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். இரண்டும் அக்காவின் காதுக்குப் போயின. அவர் எதையும் மறுக்கவில்லை. எடுத்த ரிசீவரை ஏன் வைத்தார் என்று அன்றைக்கு அண்ணனிடமும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.